சிகரெட்டா, வேப்பா, கம்மா? மூன்று கடை வாசலில் நின்று பார்த்த கணக்கு

முதலில் என் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன், சிகரெட்டை விடுவதற்கு எது நல்ல வழி என்ற ஒப்பீட்டுக்கு அப்புறம் வரலாம். ஊர் செங்கோட்டை, வயது 38. பாவூர்சத்திரம் சந்தையில் ஒரு காய்கறிக் கமிஷன் கடைக்குக் கணக்கும் வசூலும் பார்க்கிறேன். வாரத்துக்கு மூன்று நாள் புளியரை தாண்டி, எஸ் வளைவு ஏறி, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் போய், சில வாரம் கொட்டாரக்கரை வரைக்கும் போய், கடை கடையாக ஏறி இறங்கிப் பாக்கி வாங்கி வரவேண்டும். வசூல் வேலையில் பாதி நேரம் காத்திருப்பதுதான். "முதலாளி ஊணு கழிக்கப் போயி, இப்ப வரும்" என்பார்கள். அந்த 'இப்ப' ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்கு மூன்று சிகரெட். இப்படியே 17 வருடம் ஓடி, கடைசியில் நாளுக்கு 12 என்று நின்றது.

விடவேண்டும் என்று தோன்றியதற்குப் பெரிய கதை எதுவும் இல்லை. பண்பொழி திருமலைக்கோவில் படியில் பாதி ஏறி நான் உட்கார்ந்துவிட்டேன். என்னைவிட 26 வயது மூத்த மாமா மேலே நின்றுகொண்டு, "என்னடே, வண்டி மலை ஏறலியோ?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார். அவ்வளவுதான்.

காசுக் கணக்கையும் அன்றைக்கு ராத்திரிதான் போட்டேன். நான் அப்போது வாங்கியது ஒன்று 18 ரூபாய், 12-க்கு 216, மாதம் 6,480. ஊராரின் கணக்கை எல்லாம் பைசா சுத்தமாக எழுதுகிறவன் இந்த ஒரு கணக்கை மட்டும் 17 வருடம் போடவே இல்லை.

சரி, என்னென்ன வழி இருந்தது? குறைத்துக்கொள்வது, பீடிக்கு மாறுவது, வேப் என்ற மின் சிகரெட்டுக்கு மாறுவது, நிக்கோடின் கலந்த சூயிங் கம் அல்லது தோலில் ஒட்டும் நிக்கோடின் பேட்ச், டாக்டர் எழுதித் தரும் மாத்திரை, ஒன்றும் இல்லாமல் ஒரே நாளில் விட்டுவிடுவது. இதில் பாதியை நானே பட்டுப் பார்த்தவன், மீதியைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன்.

குறைத்துக்கொள்வதை ரெண்டு வரியில் முடித்துவிடலாம். 12-ஐ 4 ஆக்கினேன், மூன்று மாதம் தாங்கியது, பொங்கல் லோடு நேரத்தில் 14 ஆனது. இன்னொன்று, நாலுதானே என்று மனசு சமாதானப்படுகிறதே, அந்தச் சமாதானமே தப்பு. நாளுக்கு ஒன்றே ஒன்று பிடித்தாலும், 20 பிடிக்கிறவருக்கு மாரடைப்பு அபாயம் எவ்வளவு கூடுகிறதோ அதில் கிட்டத்தட்டப் பாதி கூடிவிடுகிறது என்று 2018-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். இருபதில் ஒரு பங்குதான் கூடும் என்றுதானே நாம் நினைப்போம்? இதயம் அப்படிக் கழித்தல் கணக்குப் போடுவதில்லை.

பீடி. இதை எனக்குச் சொன்னவன் கூடப் படித்தவன். "பீடிக்கு மாறுடே, காசும் மிச்சம், அது இலைதானே" என்றான். இலைதான், ஆனால் அந்த இலையில்தான் வினையே இருக்கிறது. பீடி இலை சிகரெட் காகிதம் மாதிரி காற்றை உள்ளே விடாது, இழுக்காமல் கையில் வைத்திருந்தால் அணைந்துவிடும். அதனால் அடிக்கடி இழுக்கவேண்டும், ஆழமாக இழுக்கவேண்டும், கார்பன் மோனாக்சைடு சிகரெட்டைவிடக் கூடுதலாக உள்ளே போகிறது. இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இருக்க நியாயமே இல்லை, ஏனென்றால் நான் பீடித் தட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். தென்காசிப் பக்கத்துப் பாதி வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் அம்மா பீடி சுற்றித்தான் எங்களைப் படிக்கவைத்தாள். மடியில் தட்டு, கையில் கத்தரி, நனைத்த இலையை அளவாக வெட்டி, தூளைக் கிள்ளிப் போட்டு, ஒரு சுற்று, நூலால் ஒரு கட்டு. பேச்சு நிற்காது, கையும் நிற்காது. பீடிக்கு மாறப்போகிறேன் என்று விளையாட்டாகத்தான் அவளிடம் சொன்னேன். தலை நிமிராமலே சொன்னாள்: "இந்தத் தூள் மூக்குல ஏறாம ஒரு நா நான் உறங்குனதில்ல. நீ காசு குடுத்து ஏத்தப் போறியாக்கும்." அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

இனி வேப். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இப்போது எல்லாரும் கேட்பது இதைத்தான். நானும் இதில்தான் ஆரம்பித்தேன்.

வேப்பில் எதுவும் எரிவதில்லை. பேட்டரி ஒரு சின்னக் கம்பிச் சுருளைச் சூடாக்குகிறது, சுருளைச் சுற்றியிருக்கும் பஞ்சில் ஊறிய திரவம் ஆவியாகிறது, அதை இழுக்கிறோம். திரவத்தில் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனை, நிக்கோடின். சிகரெட்டில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் எரிந்த புகைதான், தாரும் கார்பன் மோனாக்சைடும். நிக்கோடின் செய்வது நம்மைக் கட்டிப்போடும் வேலை. அதனால் எரிப்பதை நிறுத்தினால் கேடு குறையும் என்பது நியாயமான பேச்சுதான், வேப் ஒன்றும் பச்சைத்தண்ணீர் இல்லை என்றாலும்.

இங்கிலாந்தில் 2019-ல் 886 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு கூட்டத்துக்கு வேப், இன்னொரு கூட்டத்துக்கு கம், பேட்ச் வகையறா, ரெண்டு கூட்டத்துக்கும் வாரா வாரம் ஆலோசனை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் வேப் கூட்டத்தில் 18 சதவீதம் பேர் சிகரெட் இல்லாமல் இருந்தார்கள், மற்றதில் 9.9 சதவீதம். வெளிநாட்டில் இருக்கும் நம்மாட்கள் "வேப்புக்கு மாறு, ஈஸியா விட்ரலாம்" என்று சொல்வது இதை வைத்துத்தான், அவர்கள் இருக்கும் இடத்தில் அது சரியான யோசனையாகவே இருக்கலாம். ஆனால் அதே சோதனையில் இன்னொரு கணக்கும் உண்டு. சிகரெட்டை விட்டவர்களில் வேப் கூட்டத்து ஆட்கள் 80 சதவீதம் பேர் ஒரு வருடம் ஆகியும் வேப்பை விடவில்லை. கம், பேட்ச் கூட்டத்தில் அப்படித் தொடர்ந்தவர்கள் 9 சதவீதம்தான்.

இந்த 80-ல் ஒருத்தனை எனக்கு நேரிலேயே தெரியும். துபாயில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் என் கூட்டாளி. அமீரகத்தில் 2019-லிருந்து வேப் விற்பனை சட்டப்படி நடக்கிறது, கடையில் பில் போட்டு வாங்கலாம், சுருள் கெட்டால் மாற்றலாம், நிக்கோடின் அளவைப் படிப்படியாகக் குறைத்துக் கேட்கலாம். அவன் அப்படித்தான் நாளுக்கு ஒரு பாக்கெட் சிகரெட்டை விட்டான். சந்தோஷம். ஆனால் வேப் தலையணைக்கு அடியில் இருக்கும், சிகரெட் என்றால் வெளியே போய்ப் பிடிக்கவாவது எழுந்திருக்கணும், இதுக்கு அதுகூட வேண்டாம் மாப்ள என்று அவனே சொன்னான். அதைவிட வேடிக்கை, லீவுக்கு ஊருக்கு வந்தபோது நடந்தது. இந்தியாவுக்குள் கொண்டுவரக்கூடாது என்பதால் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தான். மூன்றாம் நாள் சாயங்காலம் நம் அண்ணாச்சி கடை வாசலில் கயிற்று நெருப்பில் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு நிற்கிறான். ஒன்றரை வருடம் சிகரெட்டைத் தொடாதவன்! அவன் விட்டது சிகரெட்டைத்தான், நிக்கோடினை இல்லை. நிக்கோடின் வரும் குழாய் துபாயில் இருந்தது. ஊரில் அந்தக் குழாய் இல்லாதபோது உடம்பு பழைய குழாயைத் தேடிப் போய்விட்டது.

நான் இந்தப் பாடத்தைக் கேட்டுக் கற்றிருக்கலாம். கேட்கவில்லை. சட்ட நிலவரம் எனக்கு முன்னாலேயே தெரியும். தமிழ்நாடு 2018-லேயே தடை போட்டது. 2019 செப்டம்பரில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, டிசம்பரில் அது முழுச் சட்டமானது. தயாரிப்பது, இறக்குமதி, ஏற்றுமதி, கொண்டுபோவது, விற்பது, விநியோகிப்பது, விளம்பரம் செய்வது எல்லாம் குற்றம். முதல் தடவைக்கு ஒரு வருடம் வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது ரெண்டும். மறுபடி மாட்டினால் 3 வருடம், 5 லட்சம் வரை போகும். இருப்பு வைத்திருந்தால் தனியாக 6 மாதம் வரை சிறை, அல்லது 50,000 வரை அபராதம், அல்லது ரெண்டும். பிடிக்கிறவனுக்கு என்று தனித் தண்டனை அந்தச் சட்டத்தில் எழுதப்படவில்லை என்று சிலர் சட்டம் பேசுவார்கள். பேசலாம். ஆனால் வாரத்துக்கு மூன்று நாள் சோதனைச் சாவடி தாண்டுகிறவன், பைக்குள் வேப்போடு நின்றுகொண்டு, 'கொண்டுபோவது' என்ற வார்த்தைக்கு அங்கே இருப்பவரிடம் இலக்கணம் விளக்க முடியுமா?

தெரிந்தே போனேன். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர், பெயர் வேண்டாம், மொபைல் கவர், இயர்போன் தொங்கும் சின்னக் கடை. வசூலுக்குப் போகும் இடத்துப் பையன் ஒருத்தன் சொல்லித்தான் தெரியும். கடைக்காரப் பையனுக்கு 22, 23 வயது இருக்கும். நான் கேட்டதும் முதலில் என் செருப்பைப் பார்த்தான், அப்புறம் முகத்தைப் பார்த்தான், போலீஸ் இல்லை என்று முடிவான பிறகு சார்ஜர் டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒன்றை எடுத்தான். மாம்பழ வாசனை, 5,000 இழுப்பு என்று அட்டையில் போட்டிருந்தது, நிக்கோடின் 5 சதவீதம். 1,800 ரூபாய். பில் கேட்டேன், பழக்கதோஷம். "பில்லோ? இதின் பில்லொந்நும் இல்ல அண்ணா" என்று சிரித்தான்.

அந்த 5 சதவீதம் என்றால் என்ன என்று அப்போது உறைக்கவில்லை. ஒரு மில்லிக்கு 50 மில்லிகிராம். இங்கிலாந்தில் சட்டப்படி விற்கக்கூடிய அதிகபட்சமே 20 தான். விடுவதற்காக வாங்கிய சாமானில், அந்தச் சோதனை நடந்த நாட்டு அளவைப்போல ரெண்டரை மடங்கு நிக்கோடின். அதுவும் அட்டையில் எழுதியிருப்பது உண்மையாக இருந்தால்.

முதல் ரெண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது. சட்டையில் நாற்றம் இல்லை, வீட்டில் யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை. மூன்றாம் நாளிலிருந்து லேசான தலைசுற்றல், காரணம் வேறொன்றும் இல்லை, முடிவே இல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தேன். சிகரெட்டுக்கு ஒரு முடிவு உண்டு, பஞ்சு வந்தால் தூக்கிப் போட்டுவிடுவோம். இதற்கு அந்தப் பஞ்சு கிடையாது. ஒன்பதாம் நாள் கருகிய வாடை அடித்து, விளக்கு மூன்று தடவை மினுக்கி, நின்றுவிட்டது. சார்ஜ் ஏறவில்லை. அடுத்த வசூலுக்குப் போனபோது அந்தக் கடைக்குப் போய்க் காட்டினேன். பையன் அதைத் தொடக்கூட இல்லை. "இது ஞங்கள் விற்கிற சாதனம் அல்ல அண்ணா" என்றான், குரல் உயர்த்தாமல், ரொம்ப மரியாதையாக. நான் என்ன செய்ய முடியும்? நுகர்வோர் கோர்ட்டுக்கா போகமுடியும்? அழுகின தக்காளிக்கு ரெண்டு பெட்டிக் காசைக் கழித்துக் கொடுக்கும் தொழிலில் இருக்கிறவன் நான். கெட்ட சரக்கைத் திருப்பிக் கொடுக்க வழியே இல்லாத ஒரு வியாபாரத்தில், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒன்றை நெஞ்சுக்குள் இழுத்திருக்கிறேன் என்பது அந்தக் கடை வாசலில் நிற்கும்போதுதான் சுருக்கென்றது.

பயம் காட்டுவதற்காகச் சொல்லவில்லை, நடந்தது இது. 2019-ல் அமெரிக்காவில் வேப் பிடித்து நுரையீரல் வெந்து 2,800 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், 2020 பிப்ரவரி வரை 68 பேர் செத்தார்கள். பெரும்பாலும் கஞ்சாச் சத்துக் கலந்த திருட்டுச் சரக்கு, அதைக் கெட்டிப்படுத்த ஊற்றிய வைட்டமின் ஈ அசிடேட்தான் முக்கியக் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். வேப் என்றாலே இப்படி ஆகும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. முகம் தெரியாதவன் கலந்து, பெயர் தெரியாதவன் விற்கும் சரக்கில் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம் என்றுதான் அர்த்தம். நம் ஊரில் கிடைப்பது முழுக்க அந்த வகைதானே.

காசாவது மிச்சமா என்றால், 9 நாளுக்கு 1,800, மாதத்துக்கு 6,000. அந்த 9 நாளிலும் சிகரெட்டை முழுசாக நிறுத்தவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும், நாளுக்கு மூன்று, நான்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. ரெண்டையும் சேர்த்துப் பிடிப்பதுதான் இருப்பதிலேயே மோசமான நிலை. புகையும் உள்ளே போகிறது, நிக்கோடினும் கூடுகிறது, காசும் ரெண்டு பக்கம் போகிறது. வேப்புக்கு மாறினேன் என்று சொல்கிற நிறையப் பேர் இந்த நடுத்திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சிங்கப்பூர், மலேசியா என்று வேலைக்குப் போகிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர் இருப்பதால் ஒரு வார்த்தை: சிங்கப்பூரில் வைத்திருப்பதும் பிடிப்பதுமே குற்றம். துபாயில் கிடைக்கிறதே என்று அங்கேயும் எடுத்துப் போய்விடாதீர்கள்.

ஒன்றுமே இல்லாமல் ஒரே நாளில் விடுவதை மூன்று தடவை செய்து பார்த்தவன் நான். முடிகிறவர்கள் இருக்கிறார்கள், எங்கள் மாமா அப்படித்தான் ஐயப்பனுக்கு மாலை போட்ட நாளில் விட்டார், கழற்றிய பிறகும் தொடவில்லை. எனக்கு மாலை கழற்றிய அன்று சாயங்காலமே பற்றிக்கொண்டது. ரெண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சம், எரிச்சல், தூக்கமின்மை, யாரைப் பார்த்தாலும் அடிக்கத் தோன்றும். ரெண்டிலிருந்து நாலு வாரத்தில் படிப்படியாக அடங்கும். ஒவ்வொரு தவிப்பும் சில நிமிடம்தான் நிற்கிறது என்பது மட்டும் தெரிந்திருந்தால் நான் இன்னும் கொஞ்சம் தாங்கியிருப்பேன். அந்தச் சில நிமிடம் கடை வாசலில் கழிந்தால் என்ன ஆகும் என்பது வேறு விஷயம்.

மாத்திரையை என் மச்சான் எடுத்தார். வரெனிக்லின் என்று பெயர், டாக்டர் சீட்டு வேண்டும். விடப்போகும் தேதிக்கு ஒரு வாரம் முன்னாலேயே ஆரம்பித்து 12 வாரம் சாப்பிடவேண்டும். மூளையில் நிக்கோடின் போய் உட்காரும் இடத்தில் இது உட்கார்ந்துகொள்கிறது, அதனால் தவிப்பும் குறைகிறது, தப்பித்தவறிப் பிடித்தாலும் ருசிப்பதில்லை. 2021-ல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மச்சானுக்குக் குமட்டல் இருந்தது, சாப்பாட்டுக்குப் பிறகு நிறையத் தண்ணீரோடு போட்டால் குறைந்தது, ராத்திரி வண்ண வண்ணமாகக் கனவு வந்ததாம், அதைப் பற்றி அவர் புகார் சொல்லவில்லை. தனியாக ஒட்டும் பேட்ச்சைவிட இது நன்றாக வேலை செய்கிறது என்று பெரிய ஆய்வே இருக்கிறது. நான் போன டாக்டர் இதையெல்லாம் பேசவே இல்லை, "மன உறுதி வேணும்" என்று சொல்லி 300 ரூபாய் வாங்கிக்கொண்டார். மன உறுதி இருந்தால் அந்த 300-ஐக் கொடுத்திருக்கவே மாட்டேன். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் புகையிலையை விடுவதற்கென்று தனிப் பிரிவு இருக்கும், அங்கே கேட்டுப் பார்ப்பது நல்லது.

கடைசியில் எனக்குச் சரிப்பட்டது பேட்ச்சும் கம்மும் சேர்ந்துதான். இது வேறொரு டாக்டரைக் கேட்டுச் செய்தது. பேட்ச் நாள் முழுக்க மெதுவாக நிக்கோடினை விட்டுக்கொண்டே இருக்கும், திடீரென்று வரும் தவிப்புக்கு கம். தனித்தனியாகப் போடுவதைவிடச் சேர்த்துப் போட்டால் பலன் அதிகம். பேட்ச் அளவு 21, 14, 7 மில்லிகிராம் என்று படிப்படியாக இறங்கும். செங்கோட்டையில் கையில் இருப்பு இருக்காது, சொல்லிவைத்தால் மறுநாள் வரவழைத்துத் தருகிறார்கள். முடி இல்லாத இடத்தில், தினம் இடம் மாற்றி ஒட்டவேண்டும். மே மாதம் புனலூர் வெயிலில் வேர்த்து ரெண்டு தடவை கழன்று விழுந்தது, ஒரு தடவை பஸ் சீட்டில் ஒட்டிக்கொண்டே போய்விட்டது.

கம் 2 மில்லிகிராம் சீட்டு இல்லாமலே மெடிக்கலில் கிடைக்கும், ஒன்று பத்துப் பன்னிரண்டு ரூபாய் வரும். 4 மில்லிகிராமுக்குச் சீட்டு வேண்டும், காலையில் எழுந்து அரை மணிக்குள் முதல் சிகரெட்டைத் தேடுகிறவர்களுக்கு அது. இதைப் பற்றி "ஒண்ணும் வேலை செய்யல" என்று சொல்பவர்களில் பலர் தப்பாக மென்றவர்கள், நானும்தான். சாதாரண சூயிங் கம் மாதிரி சவச்சவவென்று மென்றால் நிக்கோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய், விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் வரும். மெதுவாக நாலு தடவை மெல்லவேண்டும், மிளகு கடித்த மாதிரி சுருசுருவென்று வரும், வந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவிட வேண்டும். சுருசுருப்பு அடங்கினால் மறுபடி நாலு மெல்லு. அரை மணி நேரம் இப்படி. வெற்றிலை ஒதுக்கத் தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இது புதுசா என்ன! இன்னொன்று, டீ, காபி, எலுமிச்சை ஜூஸ் குடித்த வாயோடு போட்டால் உறிஞ்சாது, கால் மணி நேரம் விடவேண்டும்.

டீ என்றதும் ஒன்று. சிகரெட்டை விட்ட முதல் வாரம் எனக்குக் கை நடுக்கம், படபடப்பு, ராத்திரி ரெண்டு மணி வரை விழிப்பு. எல்லாம் நிக்கோடின் தவிப்பு என்று நினைத்தேன். பாதிக்குக் காரணம் டீ. புகையில் இருக்கும் சில பொருட்கள் ஈரலை முடுக்கி, காபீனை வேகமாகக் கழிக்கவைக்கின்றன. புகை நின்றதும் அந்த முடுக்கமும் நிற்கிறது, அதே ஐந்து டீ இப்போது கிட்டத்தட்டப் பத்து டீயின் வேலையைச் செய்கிறது. வேப்புக்கு மாறினாலும் இதேதான், ஏனென்றால் முடுக்குவது நிக்கோடின் இல்லை, புகை. டீயைப் பாதியாக்கினேன், தூக்கம் வந்தது. ஆஸ்துமாவுக்குத் தியோபிலின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சிகரெட்டை விடுவதை டாக்டரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், அந்த அளவும் இதே காரணத்தால் மாறும்.

இனி கடைகள். என்னைக் கேட்டால் எதைப் போடுவது என்பதைவிடப் பெரிய தலைவலி இதுதான்.

எங்கள் தெருமுனை அண்ணாச்சி கடையில் எனக்குப் பற்று நோட்டு உண்டு. பால், பிஸ்கெட், ரீசார்ஜ், சிகரெட், எல்லாம் ஒரே பக்கத்தில். நான் வாசலுக்கு வந்தால் கேட்கவே வேண்டாம், ரெண்டு சிகரெட் எடுத்து வைத்துவிடுவார். வலதுபக்கத் தூணில் தொங்கும் கயிற்றின் நுனி எப்போதும் கனன்றுகொண்டிருக்கும், குனிந்து ஊதிப் பற்றவைத்தால் கயிற்று வாடையும் சேர்ந்துவரும். விட்ட முதல் வாரம் அந்தக் கடையைச் சுற்றிக்கொண்டு வேறு தெருவில் போனேன். ஆறாம் நாள் அண்ணாச்சி வீட்டுக்கே வந்துவிட்டார், உடம்பு சரியில்லையோ என்று. அப்புறம்தான் புரிந்தது, ஒளிந்துகொள்வது நடக்காது. போய் பாக்கி முழுக்கத் தீர்த்தேன், 3,140 ரூபாய், அதில் சிகரெட்டே 2,700 சொச்சம். "இனி நான் கேட்டாலும் சிகரெட் மட்டும் தராதீங்க அண்ணாச்சி" என்றேன். "வியாபாரிகிட்ட வந்து வியாபாரம் பண்ணாதங்கியே தம்பி" என்று சிரித்தார். ஆனால் என் கண் முன்னாலேயே நோட்டில் என் பக்கத்தின் தலைப்பில் 'சி இல்லை' என்று எழுதினார். ரெண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் முதலாளியிடம் திட்டு வாங்கிய கோபத்தில் போய்க் கேட்டேன், நோட்டைத் திருப்பிக் காட்டினார், தரவில்லை. எதிர்க்கடையில் போய் வாங்கினேன் என்பதையும் மறைக்கக்கூடாது. அது ஒன்று. இன்னொன்று ஒரு கல்யாண வீட்டில். நாலரை மாதத்தில் இந்த ரெண்டுதான்.

கேரளப் பக்கம் வேறு மாதிரி. பொது இடத்தில் புகைக்கக்கூடாது என்று 1999-லேயே கேரள உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது, நாடு முழுக்க அதற்கான விரிவான விதிகள் அமலுக்கு வந்தது 2008 அக்டோபரில்தான். அதனாலோ என்னவோ, அங்கே முறுக்கான் கடை (வெற்றிலை பாக்குக் கடை) வாசலிலேயே நின்று ஊதுவது கொஞ்சம் குறைவு, பின்பக்கம் ஒரு சந்து இருக்கும். வசூலுக்குப் போகும் கடைச் சேட்டன்களுடன் அந்தச் சந்தில் நின்றுதான் பாதிப் பேரமும் பேசுவோம். விட்டுவிட்டேன் என்றால் பேச்சு அறுந்துவிடுமோ என்று உள்ளூர பயம். ஒருத்தரிடம் சொன்னேன். "வலி நிர்த்தியோ? நன்னாயி" (புகைப்பதை நிறுத்திட்டியா, நல்லது) என்றார், அவ்வளவுதான், அன்றிலிருந்து என் முன்னால் அவர் நீட்டவில்லை. பதிலாக பழம்பொரி வருகிறது. மூன்று கிலோ ஏறிவிட்டேன். ஒரு தடவை சொன்னால் அந்நியன் மதித்து ஒதுங்குகிறான், சொந்த ஊர்க்காரன்தான் "ஒண்ணே ஒண்ணு, ஒண்ணும் ஆகாது" என்று தோளில் கைபோடுகிறான். நீங்கள் விடப்போகிறீர்கள் என்றால் உள்ளூர்க் கடையில் முதலில் சொல்லுங்கள், பாக்கியைத் தீர்த்துவிட்டுச் சொல்லுங்கள். பாக்கி இருக்கிற கடைக்குப் போகாமல் இருக்க முடியாது.

பழக்கப்பட்ட மெடிக்கல் ஒன்றும் வேண்டும். முதலில் கேட்ட கடையில் "கம் எல்லாம் எதுக்கு, வாயில் லவங்கம் போடுங்க" என்றார்கள். ரெண்டாவது கடையில் எழுதிவைத்து வரவழைத்தார்கள், பில்லோடு, காலாவதித் தேதியோடு. ஒரு அட்டை ஈரம் பட்டு ஒட்டிப்போயிருந்தது, மாற்றிக் கொடுத்தார்கள். இந்த ஒரு விஷயத்துக்காகவே வேப்பையும் கம்மையும் ஒரே தட்டில் வைத்து என்னால் எடைபோட முடியவில்லை.

சிகரெட் பாக்கெட்டின் மேலேயே 1800-11-2356 என்று ஒரு எண் இருக்கிறதே, அதில் தமிழிலும் மலையாளத்திலும் பேசுகிறார்கள், காசு கிடையாது. நான் புளியரையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கூப்பிட்டேன். உபதேசம் செய்வார்கள் என்று நினைத்தேன், என்னைக்கு விடப் போறீங்க, தேதி சொல்லுங்க என்றுதான் முதலில் கேட்டார்கள். அப்புறம் அவர்களே திரும்ப அழைத்தார்கள்.

ஆக, துபாய், லண்டன் என்று சட்டப்படி கிடைக்கும் ஊரில் இருக்கிறவர் சிகரெட்டுக்குப் பதிலாக வேப் எடுத்தால் நான் குறை சொல்லமாட்டேன், அதையும் இறக்கி விடுவதற்கு ஒரு தேதி வைத்துக்கொண்டால். இந்தப் பக்கம் இருக்கிறவருக்கு நாளுக்குப் பத்துக்கு மேல் என்றால் டாக்டரைப் பார்த்து மாத்திரை, அல்லது பேட்ச்சும் கம்மும். நாலைந்துதான் என்றால் 2 மில்லிகிராம் கம் போதும் என்பது என் அபிப்பிராயம். மாத்திரைக்குச் செலவு கொஞ்சம் கூடும், ஆனாலும் 6,480-க்குள் எல்லாமே அடங்கிவிடுகிறது, அதுவும் மூன்று மாதத்தோடு முடிகிற செலவு.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி கடையில் பால் வாங்கிக்கொண்டிருந்தேன். கல்லாவுக்குக் கீழே அவர் பீடிக்கட்டு. கடை எடுத்துவைக்கும் வரை நாளுக்கு ரெண்டு கட்டு போகும் அவருக்கு. "அந்த மிட்டாய் ஒண்ணு குடு தம்பி, என்னதான்னு பாப்போம்" என்று கையை நீட்டினார். கொடுத்தேன். மெதுவா மெல்லுங்க என்று நான் சொல்லிமுடிப்பதற்குள் சவச்சவவென்று மென்று, அடுத்த ஆளுக்கு அரிசி நிறுத்துக்கொண்டே விக்கல் எடுக்க ஆரம்பித்துவிட்டார்.